டுரியான் காலத்து ராணி

அந்த வருஷம் ஆறாம் கட்டை ரப்பர்த் தோட்டத்தில் அழகான பெண் என்று ஒருத்திகூடக் கிடையாது. பெற்ற தாய்மார்களே அப்படித்தான் சொன்னார்கள். என் மகளுக்கு ஒன்றரைக் கண், என் மகளுக்கு எடுப்புப் பல், என் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி என்று ஒருத்திக்கு ஒருத்தி விட்டுக்கொடுக்காமல் சொன்னார்கள். ஜப்பான்காரன் ஜொகூரைப் பிடித்து, பக்கத்து யோங் பெங்கில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து பெண்பிள்ளைகளின் முகத்தில் அடுப்புக்கரி ஏறியது. தலைமுடி காதோடு போனது. இதெல்லாம் போதாதென்று, கல்யாணமான பெண்ணை அவன் தொடமாட்டான் என்று எவனோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பி, மாசி மாதத்தில் ஒரே முகூர்த்தத்தில் ஏழு கல்யாணங்களை மாரியம்மன் கோயிலில் முடித்தார்கள். மேளமும் இல்லை, சோறும் இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டங்காப்பியும்தான் விருந்து.

ராசம்மா அந்த ஏழு பேரில் ஒருத்தி. பத்தொன்பது வயது, தாயில்லாத பெண். அப்பா ஐயாசாமி இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு அலைந்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்து லயத்திலிருந்த வேலுவைக் கூட்டிவந்து நிறுத்தினார். வேலுவுக்கு அப்பா அம்மா இல்லை. வாயும் இல்லை; பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்வான். வீட்டில் பொட்டுத் தங்கம் இல்லாததால் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோர்த்துத் தாலியாகக் கட்டினான். 'போயும் போயும் இவனா' என்றுதான் ராசம்மா நினைத்தாள். கல்யாணமான மூன்றாம் நாள்தான் கவனித்தாள். கிழங்கின் நடுவிலிருக்கும் மாவான துண்டை அவள் தட்டில் வைத்துவிட்டு, நாராக இருக்கும் முனைகளை அவன் மென்றுகொண்டிருந்தான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதும் பயமும் கூடவே வந்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சித்திரையில் ஒரு லாரி வந்து நாற்பது ஆண்களைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம், ஒரே மாதத்தில் திரும்பிவிடலாமாம். ஒருவரும் திரும்பவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. அதற்கான லிஸ்டில் ஐயாசாமியின் பெயரும் இருந்தது. லாரி வருவதற்கு முன்பே அவர் தோட்டத்தின் பின்பக்கச் சதுப்புக் காட்டுக்குள் நழுவிவிட்டார். ஆபீஸ் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேராக 'ஓடிப்போனவன்' என்று சிவப்பு மையில் எழுதினார்கள். வாரத்துக்கு ஒருமுறை ராசம்மா விறகு பொறுக்கப் போவதுபோல் போய் அவருக்குக் கிழங்கு கொடுத்துவிட்டு வருவாள்.

ஆனி பிறந்ததும் இரண்டாவது லிஸ்ட் ஆபீஸ் சுவரில் ஏறியது. பதினோராவது பெயர் வேலு. அவனுக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். பால் வாளியைத் தூக்கினாலே கை நடுங்கியது. அந்த உடம்போடு போனால் அவன் திரும்பமாட்டான் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வேலுவுக்கும் தெரியும். "பார்ப்போம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் ஹோரி என்கிற அதிகாரிக்குத் திருவிழா நடத்தும் ஆசை வந்தது.

ஹோரி பட்டாளத்து ஆள் மாதிரியே இருக்கமாட்டான். கட்டையான உருவம், தடித்த கண்ணாடி. சண்டைக்கு முன்னால் சயாமில் ஏதோ ஒரு மாகாணத்து ஊரில் போட்டோக் கடை வைத்திருந்தவன். அந்த ஊரில் வருஷா வருஷம் குளிர்காலத்தில் பெரிய சந்தைத் திருவிழா நடக்குமாம். அதில் அழகிப் போட்டி வைப்பார்களாம். எட்டு வருஷம் அந்த விழாக் கமிட்டியில் இருந்தானாம். ஜொகூரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? டுரியான் பழம் விழும் காலம் இருக்கிறதே, அது போதும் என்று முடிவு செய்துவிட்டான். யோங் பெங் பள்ளிக்கூடத் திடலில் டுரியான் காலத் திருவிழா, தோட்டத்துக்கு ஒரு பெண், மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்கு ஒரு பெண், கல்யாணமாகாதவர்கள் மட்டும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேசினான். ஹோரி பேசப் பேச, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி மரியநாதன் தமிழில் சொன்னார். ஜப்பான் பாஷை படித்த பாவத்துக்கு எல்லாக் கெட்ட செய்தியும் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

"வர்றவங்க எல்லாருக்கும் சோறு போடுவாங்க. அரிசிச் சோறு" என்றார் மரியநாதன். "ராணியா வர்ற பொண்ணு ஒரு பேரு சொல்லலாம். அந்தப் பேரைச் சயாம் லிஸ்ட்ல இருந்து அடிச்சிருவாங்க. ஒரே ஒரு பேருதான்."

ராசம்மா ஆபீஸ் சுவரிலிருந்த லிஸ்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கிராணி வீட்டுப் பின்வாசலில் போய் நின்று, போட்டிக்குத் தன் பெயரை எழுதச் சொன்னாள். மரியநாதன் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிருச்சே புள்ள."

"கோயில்ல கட்டுனதுதானேங்க ஐயா. ஆபீஸ்ல எழுதலையே."

"ஆபீஸ்ல நீ ஐயாசாமி மக. ஓடிப்போனவன் மகன்னு தெரிஞ்சா மேடையில ஏத்த மாட்டான், முட்டி போடவைப்பான்."

"அப்ப வேலுவோட தங்கச்சின்னு எழுதிருங்க."

மரியநாதனுக்கும் அந்த லிஸ்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எழுதியது அவர் கைதானே. கடைசியில் பேனாவை எடுத்தார். அவர் மனைவி சூசையம்மாள் உள்ளே போய், தன் கல்யாணச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் சாக்கை உடுத்திக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சேலையே போதும், வேறு அழகு தேவையில்லை.

கூடத்து மேசையில் ஹோரியின் போட்டோ ஆல்பம் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் விவரச் சீட்டு எழுதுவதற்காகக் கிராணியிடம் விட்டுப்போயிருந்தான். மரியநாதன் அதைத் திருப்பிக் காட்டினார். முதல் வருஷத்துப் படத்தில் எட்டுப் பெண்கள், எட்டு பேரும் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு. அதிகாரிகளின் மகள்களாம், மேலிடத்து உத்தரவால் வந்து நின்றவர்களாம். அடுத்த வருஷம் குடை இல்லை. நான்கு பள்ளிக்கூட வாத்தியாரம்மாக்கள். அதற்கடுத்த வருஷம் கடைவீதிக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். ஜவுளிக்கடைக்கு ஒரு பெண், மருந்துக்கடைக்கு ஒரு பெண் என்று உடுத்தி அனுப்பி, முடிவில் இரண்டு கடைக்காரர்கள் மேடைக்குப் பின்னால் கட்டிப்புரண்டார்களாம். ஐந்தாம் வருஷம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பெண்கள் படகு கட்டிக்கொண்டு வந்தார்கள். ராட்டினம், கோயில் கோபுரம், விளக்குச் சரம், கூட்டம். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள்.

"இதுதான் சயாமாங்க ஐயா?" என்று கேட்டாள் ராசம்மா. நாற்பது பேரை விழுங்கிய இடம் என்று மட்டுமே அவளுக்குச் சயாமைத் தெரியும்.

"இதுவும் சயாம்தான்" என்று ஆல்பத்தை மூடினார் மரியநாதன். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் ஆளுங்க யாரும் அன்னிக்குத் திடலுக்கு வர வேணாம். வேலுவை வீட்டுலயே படுத்திருக்கச் சொல்லு. புரியுதா?" என்றார்.

புரிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். தெரிந்தவர்கள் யாராவது வந்து 'வேலு பொண்டாட்டி' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் குட்டு உடைந்துவிடும், அதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். வேறெதையும் அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எவ்வளவு தெரியும், எவ்வளவு சந்தேகம் என்று அவருக்கே நிச்சயமில்லையாம், பிற்பாடு அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காட்டுக்குப் போனாள். ஐயாசாமி ஒரு ஓலைக் குடிசைக்குள் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாலியைக் கழற்றப் போவதை அவள் அவரிடம் சொல்லியே ஆகவேண்டும்; கட்டிவைத்தவர் அவர்தான். அவள் போட்டியையும் லிஸ்டையும் பற்றிச் சொல்ல, அவர் கிழங்கைத் தின்று முடித்துவிட்டுக் கேட்டார்.

"வேலு என்ன சொல்றான்?"

"கழட்டுன்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

"அப்ப கழட்டு ஆத்தா. ஒருநாள் கழட்டி வைச்சா அவன் செத்தா போயிருவான்? கழட்டலைன்னாதான் சாவான்." பிறகு கூச்சத்தோடு கேட்டார். "மேடையில ஏறுனா எல்லாரும் கைதட்டுவாங்களா?"

"தட்டுவாங்களாம். வர்றவங்களுக்கெல்லாம் அரிசிச் சோறு போடுறாங்களாம்."

சொன்ன பிறகுதான் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவர் சோற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. "நீங்க வந்திராதீங்கப்பா" என்றாள். "நான் எதுக்கு வர்றேன்" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திருவிழா அன்று மழை இல்லை. திடலைச் சுற்றி டுரியான் குவியல்கள். ஓலைப் பந்தலில் மூன்று பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது. அந்த வாசனைக்கே சிம்பாங் ரெங்கம் வரைக்கும் உள்ள தோட்டத்து ஆண்கள் நடந்து வந்துவிட்டார்கள். மூங்கில் மேடை, சாயத்தாள் தோரணம். அட்டையில் சிகரெட் தாளை ஒட்டிய கிரீடம் ஒன்றை ஹோரி தன் கையாலேயே செய்திருந்தான். குழந்தையைத் தூக்குவதுபோல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலைந்தான்.

போட்டிக்கு ஒன்பது பெண்கள். அப்படி ஒரு போட்டியை எந்த ஊரும் பார்த்திருக்காது. முதலில் வந்தவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள், மேடைக்குப் பின்னால் நன்றாகத்தான் நின்றிருந்தாள். அடுத்தவள் கண்ணை மூக்குப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒருத்தி நடுமேடையில் இருமத் தொடங்கி இறங்கும்வரை நிறுத்தவில்லை. கம்பத்துத் தலைவர் பலவந்தமாக அனுப்பிய பெண் முக்காட்டை இழுத்துவிட்டு நேராக மறுபக்கம் ஓடியே போய்விட்டாள். இவர்கள் எல்லோர் வீட்டிலும் லிஸ்டில் பெயர் இருந்திருக்கும். ஆனால் ராணியானால் அந்த ராணியை எங்கே கொண்டுபோவார்கள் என்கிற பயம் லிஸ்டைவிடப் பெரிதாக இருந்தது. ஹோரி மட்டும் மனம் தளரவில்லை. மரியநாதனிடம் திரும்பி, முதல் வருஷம் எங்கேயும் இப்படித்தான் இருக்கும், அடுத்த வருஷம் பாருங்கள் என்றானாம்.

ஒன்பதாவதாக ராசம்மா ஏறினாள். கழுவிய முகம், காதோடு நின்ற முடியில் ஒரு செம்பருத்தி, வெறும் கழுத்து. கழுத்தில் காற்று பட்டது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் நிமிர்ந்து நேராக நடந்தாள். மேடையின் முனைவரை வந்து, ஆல்பத்தில் பார்த்த பெண்களைப்போல் சிரித்தாள். அது அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை. அங்கே ஜெயிக்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

கூட்டம் கைதட்டியது. வேப்பமரத்தடியில் துண்டால் தலையை மூடிக்கொண்டிருந்த ஓர் ஆள் எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கையில் சோற்று இலையை வைத்துக்கொண்டு மறுகையால் தொடையில் தட்டினார். ஐயாசாமி.

கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. வராதே என்றால் கேட்கமாட்டாரே என்று கோபம், அப்பா சோறு சாப்பிட்டுவிட்டார் என்று சந்தோஷம். ஹோரி அவள் தலையில் கிரீடத்தை வைத்தபோது அவள் வேப்பமரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் லாரிகள் வந்தன. ஆறு லாரிகள் திடலின் வாசலை அடைத்து நின்றன. சிப்பாய்கள் இறங்கி வேலியோரமாக வரிசை கட்டினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வெளியே தள்ளினார்கள், ஆண்களை உட்காரச் சொன்னார்கள். கையிலிருந்த இலையைப் போட்டுவிட்டு ஓடியவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். எல்லாம் சீக்கிரமாக முடிந்துவிட்டது. லிஸ்ட் எழுதி, சுவரில் ஒட்டி, ஓடிப்போனவனைத் தேடி என்று எவ்வளவு வேலை. மூன்று அண்டா சோறு போட்டால் ஒரே நாளில் முந்நூறு பேர். ஹோரி வாயைத் திறந்தபடி நின்றான். அவனுக்கு முன்பே தெரியாது என்று சிலர் சொன்னார்கள், நடிக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். தெரிந்திருந்தால் என்ன, தெரியாவிட்டால்தான் என்ன. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விழாவில் மிச்சமிருந்ததை நடத்த ராசம்மாவிடம் திரும்பினான்.

"பேரு கேக்குறாரு" என்றார் மரியநாதன். அவர் உதடு வெளுத்திருந்தது.

ராசம்மா வேப்பமரத்தின் பக்கம் திரும்பினாள். வேப்பமரத்தடியிலிருந்தவர்களை எழுப்பி மேடையை ஒட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஐயாசாமியின் துண்டு விழுந்துவிட்டது. தாடியில் இரண்டு பருக்கைகள் ஒட்டியிருந்தன. அவள் பார்வை போன இடத்தை ஹோரி கவனித்துவிட்டான். கையைக் காட்டி வரிசையை நிறுத்தி என்னவோ கேட்டான்.

"அந்த ஆளு உனக்கு வேண்டியவரான்னு கேக்குறாரு" என்றார் மரியநாதன். "வேணும்னா அவர் பேரைச் சொல்லலாமாம். இப்பவே விட்டுருவாங்களாம். ஆனா ஒரு பேருதான் ராசம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் பதில் சொல்வதற்குள் ஐயாசாமி முந்திக்கொண்டார். கையைக் கூப்பி, கிராணியைப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்.

"எனக்கு யாரும் இல்லீங்க சாமி. நான் ஸ்கூடாய் பக்கத்து ஆளு. சோறு போடுறாங்கன்னு வந்தேன். இந்தப் பொண்ணை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

மரியநாதன் அதை ஜப்பான் பாஷையில் சொன்னார். சிப்பாய் ஐயாசாமியின் முதுகில் ஒரு குத்துக் குத்தினான். இரண்டடி நகர்ந்தவர் மனசு கேட்காமல் திரும்பி, "பொண்ணு நல்லா நடந்து வந்துச்சுங்க" என்றார்.

அப்பா தனக்கு வழிவிடுகிறார் என்று ராசம்மாவுக்குத் தெரியும். இல்லை, அவர் என் அப்பா என்று சொல்ல நேரம் இருந்தது. ஹோரி அவசரப்படுத்தவில்லை, பொறுமையாக நின்றான். அவளுக்கு அப்பா வேண்டும். வேலுவும் வேண்டும். இருவரில் ஒருவரை எடுத்துக்கொள் என்று கேட்கும் ஒருவனை அவள் வெறுத்தாள். அந்த வெறுப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். ஐயாசாமி அவள் பக்கம் பார்க்காமல் ஏறினார், மேலே இருந்த ஒருவன் கைகொடுத்தான்.

"வேலு" என்றாள் ராசம்மா. "என் அண்ணன்."

அவள் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிரீடத்தை மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கிராணி எழுதி முத்திரை குத்திக் கொடுத்த சீட்டு மட்டும் மடியில் இருந்தது. திடலில் ஆள் பிடித்த செய்தி தோட்டத்துக்கு அதற்குள் வந்துவிட்டது. நாலைந்து வீடுகளிலிருந்து ஒப்பாரி கேட்டது. வேலு வாசலுக்கு வந்து, அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அது படிக்கத் தெரியாது.

"பேரை அடிச்சிட்டாங்களா?"

தலையாட்டினாள்.

வேலு கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்லமுடியவில்லை. பிறகு எழுந்து சட்டையை மாட்டினான். காய்ச்சல் விட்டிருந்தது, முகத்தில் தெளிவு வந்திருந்தது. ஒரு வாரத்தில் அவன் பேசாத அளவுக்கு அப்போது பேசினான்.

"நீ எனக்காக என்னவெல்லாம் பண்ணிட்ட புள்ள. கைதட்டுனாங்களா? நிறையப் பேரு தட்டுனாங்களா? நான் வந்திருக்கணும்." அடுப்படியில் அவளுக்காக எடுத்துவைத்திருந்த கிழங்கில் பாதியை இலையில் சுற்றினான். "வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்கு ஓடிட்டு வந்துடுறேன். மாமாகிட்டச் சொல்லணும்ல? உன்னை நினைச்சுக்கிட்டே கெடப்பாரு. சொன்னா ரொம்பச் சந்தோஷப்படுவாரு."

ராசம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.